கட்டியின் பூர்வீகம்

சினைப்பையில் வளரும் ஒரு வகைக் கட்டியை அறுவை செய்து எடுத்துக் கீறிப் பார்த்தால், உள்ளே முடி இருக்கும். ஒன்றிரண்டு இழை அல்ல, எண்ணெய்ப் பிசுக்கோடு சுருண்டு கிடக்கும் ஒரு கொத்து முடி. அதனருகே பல் இருக்கலாம், எனாமல் போர்த்திய உண்மையான பல். எலும்புத் துண்டு, குருத்தெலும்பு, வியர்வைச் சுரப்பி, சில நேரம் தைராய்டுத் திசுகூட இருக்கும். வயிற்றுக்குள் முடியும் பல்லும் இருந்ததாகக் கேள்விப்பட்டதும் செய்வினையை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல்முறை அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

இதை டெர்மாய்டு கட்டி என்பார்கள். சினைமுட்டையாக வேண்டிய செல் ஒன்று, விந்தணுவைச் சந்திக்காமலே தானாகப் பிரியத் தொடங்கிவிடுகிறது. ஒரு முழு உடலைக் கட்டுவதற்கான குறிப்பு அத்தனையும் அதனிடம் இருக்கிறது. எதை எங்கே எப்போது கட்டுவது என்று சொல்லத்தான் யாருமில்லை. ஆகவே பல் ஒரு மூலையிலும் தோல் ஒரு மூலையிலுமாக முளைத்துக் கிடக்கின்றன. இத்தனை விசித்திரமாக இருந்தும், நூற்றில் ஒன்றிரண்டு தவிர, இந்தக் கட்டிகள் புற்றுநோய் அல்ல. எடுத்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

இதற்கு நேர் எதிராக, உள்ளங்காலில் மிளகளவு கருப்புப் புள்ளி ஒன்று தோன்றுகிறது. வலி இல்லை, அரிப்பு இல்லை. மச்சம் என்று விட்டுவிடுவோம். தோலுக்கு நிறம் தரும் செல்லிலிருந்து பிறந்த மெலனோமாவாக அது இருந்தால், அந்த மிளகளவுப் புள்ளியிலிருந்து செல்கள் நுரையீரல்வரை போய்விடக்கூடும். நம் நாட்டவருக்கு மெலனோமா அரிது. வரும்போது வெயில் படாத உள்ளங்காலில்தான் அதிகம் வருகிறது.

ஆக, கட்டியின் அளவை வைத்தோ தோற்றத்தை வைத்தோ அதன் குணத்தைச் சொல்ல முடியாது. பின் எதை வைத்துச் சொல்வது?

வரப்பை வைத்து. குடலின் உட்புறம், மார்பகத்தின் பால் குழாய், கருப்பையின் வாய் என்று உடலில் எங்கெல்லாம் படலமாகச் செல்கள் அடுக்கியிருக்கின்றனவோ, அங்கெல்லாம் அவற்றுக்கு அடியில் மிக மெல்லிய சவ்வு ஒன்று ஓடுகிறது. அதற்கு மேலே படலம், கீழே இரத்தக்குழாயும் நரம்பும் நிணநீர்க் குழாயும். செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகினாலும் அந்தச் சவ்வைத் தாண்டாதவரை அவை தங்கள் வயலுக்குள்தான் நிற்கின்றன. கருப்பைவாயில் இந்த நிலை பல ஆண்டுகள்கூட நீடிக்கலாம். எளிய பரிசோதனையில் கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் அகற்றிவிடலாம். வரப்பை அரித்துக்கொண்டு பக்கத்து நிலத்தில் இறங்கும் கணத்தில்தான் அது புற்றுநோய் என்ற பெயரைப் பெறுகிறது.

தோலுக்கடியில் உருளும் கொழுப்புக் கட்டி பந்து அளவு வளர்ந்தாலும் பக்கத்துத் தசையைத் தள்ளுமே ஒழியத் துளைக்காது. கருப்பைத் தசையில் வரும் ஃபைப்ராய்டும் அப்படித்தான். 50 வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது சிறிதாகவோ பெரிதாகவோ உண்டாகிறது, பலருக்கு இருப்பதே தெரிவதில்லை. ஆனால் ‘சாதாரணக் கட்டி’ என்ற சொல்லை நான் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வேன். மூளையைப் போர்த்தும் உறையில் வளரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, எங்கும் பரவாது. ஆனாலும் மண்டையோட்டுக்குள் தள்ளுவதற்கு இடமேது? அது அழுத்தி ஒருவரின் பார்வையையே பறித்துவிடலாம்.

‘புற்று’ என்ற நம் சொல்லும் யோசிக்க வைக்கிறது. கிரேக்க மருத்துவர்கள் இதை நண்டு என்றார்கள். கட்டியைச் சுற்றிப் புடைத்த இரத்தக்குழாய்கள் அவர்களுக்கு நண்டின் கால்களாகத் தெரிந்தன. நமக்குத் தெரிந்தது கரையான் புற்று. கரையான் புற்றில் வெளியே தெரியும் மேட்டைவிட உள்ளே ஓடும் வழிகள் அதிகம். மேட்டை மட்டும் வெட்டி எறிந்தால் மறுபடி கிளம்பும். உள்ளே ஓடும் வழிகளைக் கண்ணால் பார்க்க முடியாத காலத்தில் யாரோ வைத்த பெயர் இது. நண்டைவிட இது பொருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் சித்திக்கு முதுகுவலி வந்தபோது, ஸ்கேன் எடுத்துவிட்டு முதுகெலும்பில் புற்று என்றார்கள். வீட்டில் எல்லோரும் எலும்புப் புற்றுநோய்க்கு யார் நல்ல டாக்டர் என்று விசாரிக்கத் தொடங்கினோம். பார்க்க வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: “எத்தனாவது ஸ்டேஜ்?” ஒரு வாரம் கழித்து பயாப்சி ரிப்போர்ட் வந்தது. சித்தியின் எலும்பில் எலும்புப் புற்றுநோய் இல்லை, மார்பகப் புற்றுநோய் இருந்தது. எலும்புக்குள் மார்பகம் எப்படி வரும் என்று சித்தப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் நான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

பதில் ஒரு கண்ணாடிச் சில்லில் இருக்கிறது. ஊசியாலோ கத்தியாலோ எடுத்த திசுத்துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சீவல்களாக அரிகிறார்கள். நிறமற்ற அந்தச் சீவலில் எதுவும் தெரியாது. அதற்குச் சாயம் ஏற்ற வேண்டும். உலகமெங்கும் ஆய்வகங்களில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படும் ஹீமடாக்சிலின் என்ற சாயம் மெக்சிகோவின் யுகட்டான் பகுதி மரம் ஒன்றின் வைரத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் துணிக்குக் கருப்பேற்றக் கப்பல் கப்பலாக வெட்டிக்கொண்டுபோன மரம் அது. அந்தச் சாயம் செல்லின் உட்கருவை ஊதா நீலமாக்குகிறது. கூடவே இயோசின் என்ற இன்னொரு சாயம் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்குகிறது. பெத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, இந்தச் செல் எந்த வேலைக்காகப் பிறந்தது என்று பார்க்கிறார். நாம் சந்திக்கவே சந்திக்காத அந்த மருத்துவர் சொல்லும் வார்த்தையில்தான் மற்றெல்லா மருத்துவர்களின் வேலையும் தொடங்குகிறது.

ஏனென்றால் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு தொழில் உண்டு. குடலின் செல் சளிநீர் சுரக்கிறது, அதற்கென்று குழாய் வடிவில் வளைந்து நிற்கிறது. தோலின் செல் தட்டையாகி அடுக்கடுக்காகக் கெட்டிப்படுகிறது. கெட்டுப்போன பின்னும் அவை பழைய தொழிலை அரைகுறையாகச் செய்து பார்க்கின்றன. குடலில் பிறந்த புற்றுச்செல்கள் கோணல்மாணலாகவாவது குழாய் கட்டும். தோலின் புற்றுச்செல்கள் உள்ளே முத்துபோல் கெரட்டினைத் திரட்டும். எவ்வளவு நன்றாகச் செய்கின்றனவோ அவ்வளவு சாதுவாக இருக்கும் என்பது பொது விதி. தொழிலை முற்றிலும் மறந்த செல்கள்தான் பெரும்பாலும் வேகமாகப் பரவுகின்றன. ரிப்போர்ட்டில் ‘கிரேடு’ என்று போடுவது இந்த மறதியின் அளவைத்தான். ஸ்டேஜ் வேறு. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கணக்கு.

பிறப்பை வைத்துத்தான் பெயர்களும். போர்த்தும் படலங்களிலிருந்தும் சுரப்பிகளிலிருந்தும் பிறந்தால் கார்சினோமா. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பத்தில் எட்டுக்கு மேல் இதுதான். காரணமும் எளிது. புகையும் புகையிலையும் கிருமியும் முதலில் படுவது இந்தப் படலங்களில். தேய்ந்து உதிர்ந்து ஓயாமல் புதுப்பித்துக்கொள்வதும் இவைதான். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் முந்நூறு கோடி எழுத்துள்ள மரபுக்குறிப்பை நகலெடுக்க வேண்டும், எங்காவது பிழை விழும். இதயத் தசைச் செல்கள் பிறந்தபின் அரிதாகத்தான் பிரிகின்றன, இதயத்தில் தோன்றும் புற்றுநோயும் அதற்கேற்ப மிக அரிது. எலும்பு, தசை, கொழுப்பு ஆகியவற்றிலிருந்து வந்தால் சார்கோமா. பெரியவர்களில் நூற்றுக்கு ஒன்று. நெறி கட்டும் இடங்களான நிணநீர்க் கணுக்களில் வருவது லிம்ஃபோமா. ‘ஓமா’ என்ற விகுதியைப் பார்த்ததும் பதற வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். லிபோமா என்பது வெறும் கொழுப்புக் கட்டி. லிம்ஃபோமா அப்படியல்ல.

கட்டியே இல்லாத புற்றுநோயும் உண்டு. 1845-ல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும் பெர்லினில் ருடால்ஃப் விர்ஹோவும், ஒருவருக்கொருவர் தெரியாமல், இறந்துபோன நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்துத் திகைத்தார்கள். இரத்தத்தில் வெள்ளைச் செல்கள் அளவுக்கு மீறி நிரம்பியிருந்தன. பென்னட் அதைச் சீழ் என்று நினைத்தார். சீழ் பிடிக்க உடலில் புண்ணே இல்லையே என்று யோசித்த விர்ஹோ, கெட்டது இரத்தமேதான் என்று முடிவுக்கு வந்தார். பிறகு அதற்கு லுக்கீமியா என்று பெயரும் வைத்தார். கிரேக்கத்தில் ‘வெள்ளை இரத்தம்’. எலும்பு மஜ்ஜையில் பிறந்து இரத்தத்தோடு ஓடுவதே அந்தச் செல்லின் இயல்பு என்பதால், கெட்டுப்போன பிறகும் அது ஓரிடத்தில் திரண்டு நிற்பதில்லை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். 1889-ல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்துவைத்து எண்ணினார். இரத்தம் இழுத்துப்போன இடத்திலெல்லாம் புற்றுச்செல் வளரும் என்றால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஒரே மாதிரி வளர வேண்டும். ஆனால் கல்லீரலில் அடிக்கடியும் மண்ணீரலில் அபூர்வமாகவுமே இருந்தது. விதை எங்கும் பறக்கிறது, ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்று அவர் எழுதினார். மார்பகச் செல்லுக்கும் புராஸ்டேட் செல்லுக்கும் எலும்பு ஏற்ற மண். குடலின் செல்லுக்குக் கல்லீரல். முளைத்த இடம் மாறினாலும் விதை மாறுவதில்லை. எலும்புக்குள் குடியேறிய மார்பகச் செல், பெண் ஹார்மோன் ஈஸ்ட்ரஜனை வாங்கிக்கொள்ளும் கைப்பிடிகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கிறது. சித்திக்கு எலும்புக்கான மருந்து அல்ல, அந்தக் கைப்பிடியை மறிக்கும் மாத்திரைதான் கொடுத்தார்கள். அவர் அதன்பின் எழுந்து நடந்தார், ஆறு வருடம் இருந்தார், பேத்தியைத் தூக்கினார்.

பிறந்த ஊரை மறக்காத செல்லின் கதைகளில் என்னை அதிகம் வியக்கவைத்தது ஒன்று உண்டு. நியூயார்க்கில் 1943-ல் சாமுவேல் சைட்லின் என்ற மருத்துவரிடம் ஒருவர் வந்தார். உடல் இளைத்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பதன் அறிகுறிகள் எல்லாம் இருந்தன. ஆனால் அவருடைய தைராய்டைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வெட்டி எடுத்துவிட்டார்கள். இல்லாத சுரப்பி எப்படிச் சுரக்கும்? தைராய்டிலிருந்து புறப்பட்ட புற்றுச்செல்கள் எலும்பிலும் நுரையீரலிலும் குடியேறி, அங்கிருந்தபடியே தைராய்டின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வேலைக்கு அயோடின் வேண்டும், உடலில் வேறெந்தச் செல்லும் அதை அவ்வளவு ஆசையாக இழுப்பதில்லை. சைட்லின் அவருக்குக் கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுத்தார். புற்றுச்செல்கள் எங்கிருந்தாலும் தாமாகத் தேடி அதை உள்ளே இழுத்துக்கொண்டன, உள்ளே போன கதிர்வீச்சு அவற்றை எரித்தது. கட்டிகள் சுருங்கின, படபடப்பு அடங்கியது. தைராய்டுப் புற்றுநோய்க்கு இன்றும் இந்த மருந்து கொடுக்கிறார்கள். வேறு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியவருக்கு இதே அயோடினைக் கொடுத்தால் பயன் எதுவும் இராது.

பெயர் சரியாகத் தெரிந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இன்னொரு சான்று, இரத்தப் புற்றுநோயின் ஒரு கிளை. புரோமைலோசைட் லுக்கீமியா என்று பெயர். முழு வெள்ளணுவாக வேண்டிய செல், வளர்ச்சியின் பாதியில் நின்றுவிடுகிறது. 15, 17 எண்ணுள்ள இரண்டு குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டதுதான் காரணம். நோயாளி இரத்தம் கசிந்து சில வாரங்களில் இறந்துபோவார். லுக்கீமியாக்களிலேயே கொடியது என்று பேர் எடுத்திருந்தது. ஷாங்காயில் வாங் ஜென்யி என்ற மருத்துவர் செல்களைக் கொல்ல முயலாமல், அவற்றை வளர வைக்க நினைத்தார். வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தபோது, பாதியில் நின்ற செல்கள் மறுபடி வளரத் தொடங்கி, முதிர்ந்து, வெள்ளணுக்களாகத் தங்கள் நாளை முடித்துக்கொண்டு இயல்பாக மடிந்தன. அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1988-ல் வெளியிட்ட முதல் கட்டுரையில் 24 நோயாளிகளுக்கும் நோய் தணிந்திருந்தது.

இதே நோய்க்கு வட சீனாவின் ஹார்பினில் வேறு பொருள் ஒன்று கிடைத்தது. ஆர்செனிக் ட்ரையாக்சைடு. நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்போம். துல்லியமான அளவில் ஊசி வழியாக ஏற்றினால், அந்தக் குரோமோசோம் ஒட்டுப்பிழையால் பிறந்த புரதத்தையே அது சிதைக்கிறது. இதில் வேலூருக்கும் பங்குண்டு. ரெட்டினாயிக் அமிலத்தோடு கீமோ சிகிச்சையும் சேர்த்து வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது என்று யோசித்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், 1998 முதல் ஆர்செனிக் ஒன்றை மட்டுமே கொடுத்துச் சிகிச்சை செய்தார்கள். 72 பேரின் முடிவுகளை 2006-ல் வெளியிட்டபோது, பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்து, தணிந்தபடியே நின்றிருந்தது. இப்போது இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஆனால் இந்த ஒரு வகைக்கு மட்டும்தான். பக்கத்துக் கிளை லுக்கீமியாவுக்குக் கொடுத்தால் பாஷாணம் பாஷாணமாகத்தான் வேலை செய்யும். புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தாயிற்றா என்று கேட்கிறவர்களிடம் எந்தப் புற்றுநோய்க்கு என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

ஊருக்கு ஊர் வகையும் மாறுகிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோயாளர் கணக்கைப் பதிந்துவருவதும் அந்த நிறுவனம்தான். தொடக்கத்தில் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு அது இறங்க, மார்பகப் புற்றுநோய் மேலே வந்தது. கருப்பைவாயில் வருவதற்குப் பெரும்பாலும் எச்பிவி என்ற வைரஸ் காரணம், தடுப்பூசி உண்டு. மார்பகத்துக்கு அப்படி ஒற்றைக் காரணம் கிடையாது. பாக்கும் புகையிலையும் அடக்கும் கன்னத்தின் உட்பக்கம் நம் நாட்டில் வாய்ப்புற்று அதிகம் தொடங்கும் இடம். புகையிலை இல்லாத வெறும் பாக்குகூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாகியிருக்கிறது. வெற்றிலைத் தட்டில்லாத விசேஷம் இல்லாத நமக்கு இதை ஏற்பது கடினம், ஆனாலும் உண்மை.

கட்டியின் பூர்வீகம் என்று பேசும்போதெல்லாம் எனக்குத் தெருநாய்களின் நினைவு வரும். நாய்களின் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போல ஒரு கட்டி தொங்குவதை நம் தெருக்களில் பார்த்திருக்கலாம். அதன் செல்லை எடுத்து மரபணுவைப் படித்தால், அது அந்த நாயுடையதாகவே இருக்காது. சென்னை நாயின் கட்டியும் பிரேசில் நாயின் கட்டியும் ஒன்றுக்கொன்று உறவு, சுமக்கும் நாய்களுக்கு அவை அந்நியம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடலில் கெட்டுப்போன ஒரே ஒரு செல்லின் வாரிசுகள் இவை. புணர்ச்சியின்போது ஒரு நாயிலிருந்து அடுத்ததற்குச் செல்லே தாவி ஒட்டிக்கொள்கிறது. பிறந்த உடல் மண்ணாகி யுகமாயிற்று, அதில் பிறந்த செல் மட்டும் உடல் மாற்றி உடல் மாற்றி இன்னும் பிரிந்துகொண்டிருக்கிறது.

கால்நடை மருத்துவர் அதற்குப் போடும் ஊசி வின்கிரிஸ்டின். வாரம் ஒன்று என்று சில வாரங்கள். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிய கயிறுகளை அது கட்டவிடாமல் செய்கிறது. லுக்கீமியா வந்த குழந்தைகளுக்கு 1960களிலிருந்து கொடுத்துவரும் முக்கிய மருந்துகளில் இதுவும் ஒன்று. அதற்கு முன் அந்தக் குழந்தைகள் சில மாதங்களில் இறந்துபோனார்கள். முழுச் சிகிச்சை பெறுகிறவர்கள் இன்று பெரும்பாலும் பிழைத்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள். வின்கிரிஸ்டின் வந்தது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. டன் கணக்கில் காய்ந்த இலையை வடித்தால் சில கிராம் தேறும். இலையை மென்று தின்பதால் நோய் போகாது, விஷம்தான் ஏறும். தென் மாவட்டங்களில் இதைப் பயிராகவே போட்டு இலையையும் வேரையும் ஏற்றுமதிக்கு விற்கிறார்கள். மற்ற இடங்களில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வேலியோரத்திலும் கல்லறைகளின் இடுக்கிலும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். சுடுகாட்டு மல்லி என்றும் அதற்கு ஒரு பெயர்.